வாசலறிந்து நுழைவோம்

நுழையும்முன்

ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு வாசல் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலணியை எங்கே விடுவது, எங்கே அமர்வது, எதைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்பவற்றை நாம் உறவினர் வீடுகளுக்குச் சென்று சென்றே பழகியிருக்கிறோம். கல்விக்காகவும் தொழிலுக்காகவும் அயல்நாடு செல்லும் தமிழர் பெருகிவரும் இக்காலத்தில், ஒரு நாட்டின் வாசலில் நுழையும்முன் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை? பிறர் வழக்கத்தைக் கற்பது நம் வழக்கத்தைக் கைவிடுவதாகுமா? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

துவாக்குடியிலிருந்து ஒரு வழி

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் துவாக்குடி அமைந்துள்ளது. 1964ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி, 2003ஆம் ஆண்டில் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த கல்வி நிறுவனம் இவ்வூரை ஒட்டியே இருக்கிறது. சற்றுத் தொலைவில், 1960களில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு உருவான பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை உள்ளது. அதனைச் சார்ந்து எண்ணற்ற சிறு தொழிற்கூடங்கள் இவ்வட்டாரத்தில் வளர்ந்தன. 1975ஆம் ஆண்டில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்றது.

ஆகவே, வெல்டிங் எனப்படும் பற்றவைப்புத் தொழிலைக் கற்ற இளைஞர்களும் பொறியியல் பயின்ற பட்டதாரிகளும் இப்பகுதியில் மிகுதி. தொழில் கற்றோர் வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூரையும் நாடுகின்றனர். பட்டம் பெற்றோர் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் புறப்படுகின்றனர். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய நகரங்களுக்கு நேரடியாகவே செல்லலாம். துவாக்குடியில் காலையுணவை முடித்துப் புறப்படும் ஒருவர், இரவு உணவை வேறொரு பண்பாட்டின் நடுவே உண்ணும் காலம் இது.

பயணத்திற்கு வேண்டிய கடவுச்சீட்டு, நுழைவு இசைவு, பணம், உடை ஆகியவற்றைப் பல நாள்களுக்கு முன்பே திரட்டிவிடுகிறோம். ஆனால், சென்று சேரும் இடத்து மக்களின் நடத்தைமுறைகளை அறிந்துகொள்ள எத்தனை நாள்கள் ஒதுக்குகிறோம்? பெட்டியில் வைக்க மறந்த பொருளை அங்கே விலைக்கு வாங்கிவிடலாம். அறியாமையால் இழந்த நன்மதிப்பை அவ்வாறு வாங்க இயலாது.

ஒட்ட ஒழுகும் கல்வி

ஒரு சமுதாயத்து மக்கள் ஒருவரையொருவர் மதிக்கும் முறைகளின் தொகுப்பே நடத்தைமுறை. வாழ்த்துதல், விருந்துண்ணுதல், உரையாடுதல், காத்திருத்தல், மறுத்தல், விடைபெறுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை எழுதிவைக்கப்படாத விதிகள். அவ்விதிகளோடு பிறந்து வளர்ந்தவர்க்கு அவை விதிகளாகவே தோன்றுவதில்லை; இயல்பாகவே தோன்றும். பிறர் அவற்றை மீறும்போதுதான் அப்படியொரு விதி இருப்பதே நமக்குத் தெரிகிறது.

நம் விருந்தை எடுத்துக்கொள்வோம். வாழையிலையின் நுனி, உண்பவரின் இடப்பக்கம் இருக்குமாறு இலையிடுகிறோம். உண்டு முடித்தபின் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம். துக்க வீட்டில் அவ்வாறு மடிப்பதில்லை. இதனை எந்தப் பாடநூலும் நமக்குக் கற்பிக்கவில்லை. வெளிநாட்டார் ஒருவர் திருமணப் பந்தியில் இலையை எதிர்ப்புறமாக மடித்தால் அருகிலிருப்போர் ஒரு கணம் திடுக்கிடுவர். அவர்மீது பிழையில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. அயல்நாட்டில் நாமும் அந்த வெளிநாட்டாரின் நிலையிலேயே இருக்கிறோம். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவைத்தல் ஆகாது. இறந்தோர்க்குச் சோறு படைக்கும் முறையை அது நினைவூட்டும். இதனை அறியாத தமிழர், கையை எடுக்க வசதியாக இருக்கிறதென்று குச்சிகளை நட்டுவைத்தால் அங்கே திடுக்கிடுவோர் வேறு சிலர்.

திருவள்ளுவர் 'ஒழுக்கமுடைமை' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, பல நூல்களைக் கற்றிருந்தும் உலகத்தாரோடு பொருந்தி நடக்கக் கல்லாதவர் அறிவில்லாதவரே என்னும் கருத்தை வைத்துள்ளார். பொருந்தி நடத்தலையும் கற்கத்தக்க ஒரு கல்வியாகவே அவர் கருதியது நம் கவனத்திற்குரியது.

கேம்பிரிட்ஜில் ஒரு போர்வை

அயல்நாடு செல்லுமுன் நடத்தைமுறை கற்ற தமிழருள் உலகம் அறிந்த ஒருவர், கணிதமேதை சீனிவாச இராமானுஜம். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கடல் கடந்து செல்வதைச் சமய விலக்காகக் கருதிய குடும்பச் சூழலிலிருந்து வந்தவர் அவர். எனவே, புறப்படுமுன் சென்னையில் அவருக்கு ஐரோப்பிய வாழ்க்கைமுறையில் ஒரு பயிற்சி அளிக்கப்பட்டது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணப் பழகினார். ஆனால், தட்டில் மரக்கறி உணவு மட்டுமே வைக்கப்பட வேண்டும் என்பது உறுதி. குடுமி களையப்பட்டது. வேட்டிக்கு மாற்றாகக் காற்சட்டையும் மேற்சட்டையும் வந்தன. செருப்புக்குப் பழகிய கால்கள் இறுக்கமான காலணிக்குள் நுழைந்தன.

இவ்வளவு பயின்றும் ஒன்று விடுபட்டுப்போயிற்று. கேம்பிரிட்ஜில் பயின்றுவந்த பிரசாந்த சந்திர மகாலனோபிசு, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், ஒருநாள் இராமானுஜத்தின் அறைக்குச் சென்றார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும் மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டே உறங்குவதாகவும் இராமானுஜம் கூறினார். கம்பளிகள் போதவில்லையோ என்று மகாலனோபிசு படுக்கையைப் பார்த்தார். அங்கே கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது இராமானுஜத்திற்குத் தெரியவில்லை. அவர் அவ்விரிப்பின்மேலேயே படுத்து வந்தார்.

பகா எண்களின் பரவலை ஆராய்ந்த பேரறிவுக்கு அந்தக் கம்பளியின் செய்தி எட்டவில்லை என்று நாம் வியக்கலாம். ஆனால், இதில் அறிவுக் குறைவு ஏதுமில்லை. பாய்விரித்துப் படுக்கும் வெப்ப நாட்டிலிருந்து சென்றவர்க்குச் செருகிவைத்த கம்பளி எவ்வாறு விளங்கும்? அவருக்குப் பயிற்சியளித்தோர் பிறர் கண்ணில் படும் விருந்து மேசையை நினைத்தனர். யார் கண்ணிலும் படாத படுக்கையறையை நினைக்கவில்லை. அங்கிருந்தோர்க்கோ, இதனையும் சொல்ல வேண்டுமோ என்று தோன்றவில்லை. கேட்பதற்கு இராமானுஜத்தின் கூச்சம் இடம் தரவில்லை. கேட்க ஒருவர் கூசியதாலும் சொல்ல ஒருவர் எண்ணாததாலும் ஒரு மனிதர் குளிரில் நடுங்கினார்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த மற்றொன்றும் எண்ணத்தக்கது. இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இராமானுஜம் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறினார். இரசத்தை மீண்டும் மீண்டும் பரிமாற முனைந்தபோது, விருந்துக்கு வந்த பெண்கள் போதுமென மறுத்தனர். சற்று நேரத்தில் இராமானுஜத்தைக் காணவில்லை. அவர் வாடகை வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்தது. சில நாள்களுக்குப்பின் ஆக்ஸ்போர்டிலிருந்து அவர் அனுப்பிய தந்தி நண்பருக்கு வந்தது. தாம் பரிமாறியதை ஏற்க மறுத்தது தம்மை அவமதித்ததாகப் பட்டது என்பதே பின்னர் அவர் கூறிய காரணம்.

இங்கே மோதியவை இங்கிலாந்தின் வழக்கமும் தமிழர் வழக்கமும் அல்ல. விருந்தளித்தவரும் விருந்துண்டவரும் இந்தியரே. ஒருவர்க்கு மறுசோறு அன்பின் அளவு. மற்றவர்க்குப் 'போதும்' என்பது வயிற்றின் அளவு. பண்பாட்டு வேறுபாடு என்பது கடலுக்கு அப்பால் மட்டும் இருப்பதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இலண்டனில் ஒரு தொப்பி

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய பதினெட்டு வயது இளைஞர் மோகன்தாசு காந்தி, இங்கிலாந்து மண்ணில் இறங்கும்போது வெள்ளை நிறக் கம்பளி உடை அணிந்திருந்தார். கரையில் அத்தகைய உடையணிந்தவர் தாம் ஒருவரே என்பதைக் கண்டு நாணினார். இலண்டன் விடுதியில் அவரைக் காணவந்த மருத்துவர் மேத்தா, தம் பட்டுத்தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். பேசிக்கொண்டிருந்த இளைஞர் அதனை எடுத்துக் கையால் தடவிப் பார்த்தார், மென்மயிர்கள் கலைந்தன. மேத்தா சற்றுச் சினந்தாலும் அதனையே முதற்பாடமாக்கினார். பிறர் பொருளைத் தொடாதே. முதற்சந்திப்பிலேயே நம் நாட்டில் கேட்பது போன்ற சொந்த வினாக்களைக் கேளாதே. உரத்துப் பேசாதே என்பன அவர் தந்த அறிவுரைகளுள் சில.

அதன்பின் காந்தி மறுகோடிக்குச் சென்றார். ஆங்கிலேயரைப் போலவே ஆகிவிட வேண்டுமென விலையுயர்ந்த உடைகள் தைத்தார். நடனம் பயின்றார். வயலின் வாங்கினார். சொற்பொழிவுக் கலை கற்க ஆசிரியரை அமர்த்தினார். கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டை கட்டுவதில் நாள்தோறும் நேரம் கழிந்தது. ஏறத்தாழ மூன்று திங்களில் இம்மயக்கம் தெளிந்தது. வாழ்நாள் முழுவதையும் இங்கிலாந்தில் கழிக்கப் போவதில்லை. தாம் வந்தது கல்விக்காகவே என உணர்ந்து அவ்வகுப்புகளை நிறுத்தினார்.

அவர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதே நாம் கற்க வேண்டியது. நடனத்தையும் வயலினையும் விட்டார். தூய்மையான உடை, நேரந்தவறாமை, பிறர் பொருளைத் தொடாமை ஆகியவற்றை வைத்துக்கொண்டார். தாய்க்கு வாக்களித்த மரக்கறி உணவையோ எவர் நகைத்தபோதும் விடவில்லை. மரியாதை காட்டக் கற்பது வேறு. வேறொருவராக வேடமிடுவது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை அவர் தம் பதின்பருவத்திலேயே கண்டறிந்தார்.

மொழிக்குள் இருக்கும் மரியாதை

தமிழில் 'தண்ணீர் தாருங்கள்' என்கிறோம். 'தயவுசெய்து' என்று தனியே ஒரு சொல்லை அதனுடன் சேர்ப்பதில்லை. அதனால் நாம் பணிவற்றவர் ஆகிவிடவில்லை. 'தாருங்கள்' என்பதிலுள்ள 'உங்கள்' என்னும் ஈறே மரியாதையைச் சுமந்து நிற்கிறது. 'தா', 'தாரும்', 'தாருங்கள்', 'தருகிறீர்களா' என வினைச்சொல்லின் வடிவத்திலேயே மதிப்பின் படிகளைக் காட்டுகிறது தமிழ்.

ஆங்கில வினைச்சொல்லில் அத்தகைய ஈறு இல்லை. சிறுவனுக்கும் பேராசிரியருக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. ஆதலால் 'ப்ளீஸ்', 'தேங்க்யூ' போன்ற தனிச் சொற்களே மரியாதையைச் சுமக்கின்றன. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுவோர், வினையை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு ஈற்றை இங்கேயே விட்டுச் சென்றுவிடுகின்றனர். பணிவான வேண்டுகோள் அங்கே கட்டளையாகக் கேட்கிறது. பேசியவரின் உள்ளத்தில் செருக்கில்லை. கேட்டவரின் காதில் செருக்கு விழுகிறது. ஜெர்மன் மொழி இவ்வகையில் நமக்கு நெருக்கமானது. அதில் 'நீ' என்பதற்கு 'டூ' என்றும் 'நீங்கள்' என்பதற்கு 'சீ' என்றும் இரு சொற்கள் உண்டு. புதியவரை 'டூ' என்றழைப்பது பிழை என்பது தமிழர்க்கு எளிதில் விளங்கும்.

மறுப்பதிலும் வேறுபாடு உண்டு. விருந்தினராகச் சென்ற வீட்டில் உணவு தரும்போது முதன்முறை 'வேண்டாம்' என்பது நம் நாணம். வீட்டார் மீண்டும் வற்புறுத்துவர் என்பது நாம் அறிந்ததே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முதல் 'வேண்டாம்' என்பதே முடிந்த முடிபாகக் கொள்ளப்படும். மறுத்தவரை வற்புறுத்துவது அவர் விருப்பத்தை மதியாத செயல் என்பது அவர்கள் எண்ணம். பசியோடிருந்தும் நாணத்தால் மறுத்தவர் பசியோடே திரும்ப வேண்டியதுதான்.

'சாப்பிட்டீர்களா?', 'திருமணமாகிவிட்டதா?', 'ஊதியம் எவ்வளவு?' என்னும் வினாக்கள் நம்மிடையே உறவைத் தொடங்கும் வாயில்கள். வேறு சில நாடுகளில் பின்னிரு வினாக்களும் அடுத்தவர் வேலியைத் தாண்டும் செயல். மேத்தா 1888இல் கூறிய அறிவுரை இன்றைக்கும் பொருந்துவதாகவே உள்ளது.

காலமும் இடமும் உடலும்

சொற்களின்றியும் பண்பாடுகள் பேசுகின்றன. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்டு ஹால், அயல்நாடு செல்லும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சியளித்தவர். மொழியும் சட்டமும் கற்றுச் சென்ற அதிகாரிகள்கூட அங்குள்ளாரின் காலம், இடம் பற்றிய உணர்வை அறியாமல் இடர்ப்படுவதை அவர் கண்டார். 1959இல் வெளிவந்த அவருடைய நூல், பேசாமலே பேசும் இம்மொழியைப் பற்றியது. பின்னர் அவர், அமெரிக்கர் உரையாடும்போது இடையே விடும் தொலைவை அளந்து வகைப்படுத்தினார். மிக நெருங்கியோர்க்கு ஏறத்தாழ 45 செ.மீ. வரை; நண்பர்க்கு 1.2 மீட்டர் வரை. அலுவல் தொடர்புடையோர்க்கு 3.6 மீட்டர் வரை. இவ்வளவுகள் எல்லாப் பண்பாட்டிற்கும் ஒன்றல்ல என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னிருப்பவரின் தோளை ஒட்டி நிற்பது நமக்கு இயல்பு. இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவார் என்பது நம் பட்டறிவு. இலண்டனில் அவ்வாறு ஒட்டி நின்றால் முன்னிருப்பவர் முகம் சுளிப்பார். அங்கே இடைவெளியும் வரிசையின் ஒரு பகுதி.

கண்களின் மொழியும் இத்தகையதே. பெரியோர் முன் பார்வையைத் தாழ்த்துவது நம் பணிவு. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ நேர்காணலில் அவ்வாறு செய்தால், எதையோ மறைக்கிறார் அல்லது தன்னம்பிக்கையற்றவர் எனக் கொள்ளக்கூடும். தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து 'சரி' என்கிறோம். அதனை ஒப்புதலென்றும் மறுப்பென்றும் பிரித்தறிய மாட்டாமல் வெளிநாட்டார் திகைப்பர். அத்தகைய இடங்களில் தலையசைப்போடு 'ஆம்' என்னும் சொல்லையும் சேர்த்துவிடுவதே நன்று.

நம் வழக்கங்களுள் சில நமக்கு அங்கே துணைநிற்கும். வலக்கையால் கொடுத்து வாங்குதல் அரபு நாடுகளிலும் மலேசியாவிலும் மதிப்பிற்குரியது. வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுதல் ஜப்பானிலும் மலேசியாவிலும் உண்டு. பிறர்மீது கால்பட்டால் தொட்டு வணங்கும் தமிழர்க்கு, தாய்லாந்திலும் அரபு நாடுகளிலும் உள்ளங்கால் பிறர்க்குத் தெரியுமாறு அமர்தல் ஏன் இழிவாகக் கருதப்படுகிறது என விளக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

• மலேசியாவில் ஆள்காட்டி விரலால் ஒருவரைச் சுட்டுதல் மரியாதையன்று. விரல்களை மடக்கிப் பெருவிரலால் சுட்டுவர்.

• ஜப்பானில் முகவரி அட்டையை இரு கைகளாலும் கொடுத்து, இரு கைகளாலும் பெறுவர். தொடர்வண்டிக்குள் கைப்பேசியில் பேசுவதைத் தவிர்ப்பர்.

• ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அமைதிக்குரிய நாள். சுவரில் துளையிடுதல் போன்ற ஓசைமிகு வேலைகளை அன்று செய்தலாகாது.

சட்டம், வழக்கம், விருப்பம்

அயல்நாட்டு நடத்தைமுறைகள் யாவும் ஒரே எடை கொண்டவையல்ல. அவற்றை மூவகைப்படுத்திக் கற்றல் பயன்தரும்.

முதலாவது, சட்டம். அதனை மீறினால் தண்டனை உண்டு. அறியாமல் செய்தேன் என்பது விடையாகாது. தமிழர் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். மகன் நாவுக்குச் சுவையாக உண்ண வேண்டுமென்று ஒரு தாய் அன்போடு கட்டித்தரும் சிறு பொட்டலம், விமான நிலையத்திலேயே அவனைக் குற்றவாளியாக நிறுத்திவிடக்கூடும். வீட்டை அடகுவைத்துப் பெற்ற கடனும் பல்லாண்டுக் கனவும் அப்பொட்டலத்தோடு போய்விடும். இங்கே மருத்துவர் எழுதித்தரும் வலிநீக்கி மருந்துகளுள் சிலவற்றிற்கும் அந்நாடுகளில் முன்அனுமதி வேண்டும். அமீரகத்தில் கைப்பேசிச் செய்தியில் ஒருவரை இழிசொல்லால் திட்டுவதும் சட்டப்படி குற்றமாகும். சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை உள்ளது. அங்குள்ள பெருவிரைவுத் தொடர்வண்டிகளில் உண்பதற்கும் பருகுவதற்கும் 500 வெள்ளி வரை தண்டம் விதிக்கப்படலாம்.

இரண்டாவது, வழக்கம். மீறினால் தண்டனையில்லை, ஆனால், மதிப்புக் குறையும். நேரந்தவறி வருதல், பெண்களின் இசைவின்றிப் படமெடுத்தல், நோன்புக் காலத்துப் பகலில் நோன்பிருப்போர் முன் உண்ணுதல் போன்றவை இவ்வகையின. இவற்றுள் சில, சில நாடுகளில் சட்டமாகவும் இருக்கும். எது எங்கே எவ்வகை என்பதை அறிதலே கல்வி.

மூன்றாவது, தனிமனித விருப்பம். கைகுலுக்குவதா, கைகூப்புவதா, புலால் உண்பதா, மறுப்பதா என்பவை இதில் அடங்கும். இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மறுக்கும் முறையை மட்டும் கற்றால் போதும். நெஞ்சில் கைவைத்துப் புன்னகையோடு தலைதாழ்த்தினால், கைகுலுக்க விரும்பாமையை எவரும் தவறாகக் கொள்ளார்.

சட்டத்திற்குக் கட்டாயம் பணிய வேண்டும்; வழக்கத்திற்கு விரும்பி இணங்க வேண்டும்; விருப்பத்தில் தம் நெறியைப் பணிவோடு காக்க வேண்டும். இவற்றை மாற்றிக் கொள்பவரே இடர்ப்படுகின்றனர்.

புறப்படுமுன்

இதற்கான பயிற்சிக்கு இன்று வழிகள் உள்ளன. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவ்வாறு செல்வோர்க்காக வெளியுறவு அமைச்சகம் 2018 முதல் புறப்பாட்டுக்கு முந்தைய ஒருநாள் பயிற்சியை நடத்திவருகிறது. செல்லும் நாட்டின் பண்பாடு, சட்டம், செய்யத்தக்கவை, தகாதவை, தொழிலாளர் உரிமைகள், இடர்க்காலத்தில் தூதரகத்தை அணுகும் முறை ஆகியவை அதில் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசும் 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியுள்ளது.

பயிற்சி ஒருநாள், வாழ்க்கையோ பல ஆண்டுகள். ஆகவே, பயணம் செய்வோர் தாமே செய்யத்தக்கவை சில உள்ளன. அந்நாட்டு மொழியில் வணக்கம், நன்றி, பொறுத்தருள்க, எனக்குப் புரியவில்லை, உதவுங்கள் ஆகிய ஐந்து தொடர்களையேனும் கற்க வேண்டும். அங்கே ஓராண்டேனும் வாழ்ந்து திரும்பிய ஒருவரைத் தேடிச்சென்று, 'நீங்கள் முதலில் செய்த பிழை எது?' என்று கேட்க வேண்டும். பட்டியல்களில் இல்லாத செய்திகள் அவ்விடையில் கிடைக்கும். சென்று சேர்ந்தபின் முதல் சில நாள்கள் பேச்சைக் குறைத்துப் பார்வையைக் கூட்ட வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று சொல்லக் கூசக்கூடாது. இராமானுஜத்தின் கம்பளியை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. 'ஜப்பானியர் இப்படி', 'அரபியர் இப்படி' என ஒரு மக்களினம் முழுவதையும் ஒரு சொற்றொடரில் அடக்கிவிடலாகாது. துவாக்குடியில் எல்லாரும் ஒரே இயல்பினரா? கற்றுச் சென்ற பொதுவிதி முதல் நாளுக்கு உதவும் ஊன்றுகோல். எதிரில் நிற்கும் மனிதரை அறிந்தபின் அவருக்கேற்ப நடப்பதே பண்பு. பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு என்பதையும் மறத்தலாகாது. கடவுச்சீட்டைப் பறித்துவைத்தல், ஊதியம் தராமை போன்றவற்றை 'அந்நாட்டு வழக்கம்' எனப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவை முறையீட்டுக்குரியவை, அவற்றைத் தூதரகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் வாசலுக்கு வருவோர்

இக்கல்வியைத் தொடங்க விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மாணவர் வந்து பயில்கின்றனர். தொழிற்கூடங்களில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களின் தொழிலாளர் பணிபுரிகின்றனர். திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளையும் 21 கோபுரங்களையும் காண உலகின் பல பகுதியினரும் வருகின்றனர்.

அவர்கள் நம் வழக்கத்தை அறியாமல் பிழைசெய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? தேநீர்க் கடையில் தமிழ் தெரியாமல் திணறும் தொழிலாளியை 'நீ' என்று ஒருமையில் விளிக்கிறோமா, 'நீங்கள்' என்கிறோமா? கோவில் வாசலில் காலணியோடு நிற்கும் பயணியைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அருகில் சென்று மெல்ல உணர்த்துகிறோமா? துபாயில் நம் அண்ணனை அந்நாட்டார் எவ்வாறு நடத்த வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே இங்கு வந்திருக்கும் பிறர் அண்ணனை நாம் நடத்த வேண்டும். வேற்றுமொழி பேசும் பல நாட்டவர் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒன்றுகூடி இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதே காவிரியின் கரையில் வாழும் நமக்கு அப்பண்பு புதிதன்று.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். சிலர் இங்கேயே இருந்து கடல் கடந்து வருவோரை வரவேற்பீர்கள். செல்வோர்க்கு வேண்டியது கேட்கும் துணிவு. வரவேற்போர்க்கு வேண்டியது சொல்லும் அன்பு. அன்று கேம்பிரிட்ஜில், ஒரு நண்பர் படுக்கையின் அருகே சென்று, கம்பளியை விலக்கிக் காட்டினார். அதற்குப்பின் இராமானுஜம் குளிரின்றி உறங்கினார்.

சொல்லும் பொருளும்

ஒட்ட ஒழுகல் – பொருந்தி நடத்தல். நுழைவு இசைவு – விசா. ஈறு – சொல்லின் இறுதிப் பகுதி. தண்டம் – அபராதம். பட்டறிவு – அனுபவ அறிவு. திருச்சுற்று – கோவிலின் பிரகாரம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு சென்று திரும்பிய ஒருவரைச் சந்தித்து, அங்கு அவர் முதலில் செய்த பிழையையும் அதனைத் திருத்திக்கொண்ட முறையையும் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் வீட்டிற்கு வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஒரு வாரம் தங்க வருகிறார். அவருக்குத் தெரிவிக்க வேண்டிய பத்து நடத்தைமுறைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் காரணம் கூறுக.

3. 'பிறர் வழக்கத்தைக் கற்பது நம் அடையாளத்தை இழப்பதாகும்' – காந்தியடிகளின் இலண்டன் வாழ்வைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை ஆய்ந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. பாடத்தில் கூறப்பட்டுள்ள செய்திகளைச் சட்டம், வழக்கம், விருப்பம் என மூவகைப்படுத்தி அட்டவணை அமைக்க.